ஸ்கிரீனில் 40 சதவீதம், பில்லில் 10 சதவீதம்: வழக்கு போடலாமா?

கேள்வி: பேருந்து நிலையத்தில் இருக்கும் பெரிய எல்இடி ஸ்கிரீனில் ஒரு கடையின் விளம்பரம் பார்த்தேன். 'எந்த வாஷிங் மெஷின் வாங்கினாலும் 40 சதவீதம் தள்ளுபடி, இந்த வாரம் மட்டும்' என்று தமிழில் பெரிதாக ஓடியது. ஸ்டாக் தீர்ந்துவிடுமோ என்று போனிலேயே அட்வான்ஸ் கட்டினேன். நேரில் போனால் 10 சதவீதம்தான் கழித்தார்கள். 40 வேண்டுமென்றால் குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டு இருக்க வேண்டுமாம், பழைய மெஷினையும் கொடுக்க வேண்டுமாம். அட்வான்ஸ் திரும்ப வராது என்றதால் வேறு வழியில்லாமல் வாங்கிவிட்டேன். 'கண்டிஷனை ஸ்கிரீன்லயே போட்டிருக்கோம், நீங்கதான் படிக்கலை' என்கிறார் மேனேஜர். திரும்பப் போய் வீடியோ எடுத்தேன். அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து மறைகிறது, படிக்கவே முடியவில்லை. நான் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். நல்ல வழக்கு இது. மேனேஜர் சொன்ன அந்த ஒரு வரியே உங்கள் பக்கம் வலு சேர்க்கிறது, ஏனென்றால் நிபந்தனை இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார், இனி அது படிக்கும்படி இருந்ததா என்பது மட்டும்தான் கேள்வி.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கடைக்காரர்கள் வக்கீலைக் கேட்டால் 'விளம்பரம் என்பது வாங்க வாருங்கள் என்ற அழைப்புதான், அது ஒப்பந்தம் ஆகாது' என்பார்கள். ஒப்பந்தச் சட்டப்படி பெரும்பாலும் சரிதான். ஆனால் நீங்கள் போகப்போவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ். அங்கே ஒப்பந்தம் உருவானதா என்று யாரும் பார்க்கப்போவதில்லை, விளம்பரம் உங்களைத் தவறாக வழிநடத்தியதா என்றுதான் பார்ப்பார்கள். அந்தச் சட்டத்தில் 'விளம்பரம்' என்பதற்கான விளக்கமே ஒளி, ஒலி, அச்சு, மின்னணு ஊடகம், இணையம் என்று நீளும், அதனால் எல்இடி ஸ்கிரீன் அதில் அடங்குமா என்ற பேச்சே எழாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. எந்த வடிவத்தில், எந்த ஊடகத்தில் வந்த விளம்பரமானாலும் அவை பொருந்தும். அடியில் போடும் நிபந்தனை வரி எப்படி இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். விளம்பரம் எந்த மொழியில் பேசுகிறதோ நிபந்தனையும் அதே மொழியில் இருக்க வேண்டும், எழுத்துருவும் அதேதான். சாதாரணப் பார்வை உள்ள ஒருவர், நியாயமான தூரத்தில் நின்று, நியாயமான வேகத்தில், ஒரே ஒரு முறை படித்தால் தெளிவாகத் தெரிய வேண்டும். இதை விட முக்கியமானது, நிபந்தனை விளம்பரத்தின் முக்கிய வாக்குறுதியை விளக்கலாமே தவிர அதற்கு முரணாக இருக்கக் கூடாது.

உங்கள் விளம்பரத்தை இதில் பொருத்திப் பாருங்கள். வாக்குறுதி தமிழில், நிபந்தனை ஆங்கிலத்தில். அங்கேயே ஒன்று போச்சு. 'எந்த மெஷின் வாங்கினாலும்' என்று மேலே சொல்லிவிட்டு, கீழே கார்டும் பழைய மெஷினும் இருந்தால்தான் என்றால் அது விளக்கம் இல்லை, முரண். பேருந்துக்கு ஓடுகிற ஒருவர், மேலே தொங்கும் ஸ்கிரீனில் சில நொடி வந்து போகிற பொடி எழுத்தை ஒரே பார்வையில் படித்துவிட முடியும் என்று எந்த ஆணையத்தின் முன்னாலும் வாதாட முடியாது. செய்தித்தாள் விளம்பரம் என்றால் கையில் எடுத்து இன்னொரு முறை படிக்கலாம், ஸ்கிரீனில் வந்த வரியை நிறுத்திவைத்துப் படிக்க யாராலும் முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் நிபந்தனையைப் பொடி எழுத்தில் ஓடவிடுவதை நான் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். படிக்கக் கூடாது என்றுதான் அப்படிப் போடுகிறார்கள்.

அடுத்தது ஆதாரம். ஸ்கிரீன் வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது என்றால் இன்றைக்கே இன்னொரு முறை போய் எடுங்கள். உங்கள் விளம்பரம் தொடங்குவதற்கு முன்பிருந்து அடுத்த விளம்பரம் வரும்வரை வெட்டாமல் ஒரே ஷாட், பயணிகள் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து, ஜூம் செய்யாமல். நிலையத்தின் பெயர்ப்பலகையோ நடைமேடை எண்ணோ ஃபிரேமில் விழட்டும். எல்இடி திரையைப் போனில் எடுத்தால் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடும், பார்த்திருப்பீர்கள். திரை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிவதால் வருவது அது. 'கேமராவில்தான் எழுத்து தெரியலை, நேரில் தெரியும்' என்று எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். போனில் ப்ரோ மோடு இருந்தால் ஷட்டர் வேகத்தைக் குறைத்து எடுங்கள், பட்டைகள் குறையும். கூட ஒருவரை அழைத்துப் போய், அந்த வரி எத்தனை நொடி நின்றது, எந்த இடத்திலிருந்து பார்த்தீர்கள், எவ்வளவு படிக்க முடிந்தது என்று அப்போதே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அவர் பின்னால் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம்.

வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும், பொடி எழுத்து இன்னும் மங்கும், எதிர்த்தரப்புக்கு அது போதும். மூலக் கோப்பு போனிலேயே இருக்கட்டும். தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், 2023-இன் 63ஆவது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழையும் இணைத்துவிடலாம். நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தில் அவ்வளவு கறாராக இருப்பதில்லைதான், இருந்தாலும் இருப்பது நல்லது.

விளம்பரத்தை மாற்றிவிட்டார்களா? அப்படியானாலும் பரவாயில்லை. இந்த ஸ்கிரீன்களை இயக்கும் மென்பொருள், எந்த விளம்பரம் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எத்தனை முறை ஓடியது என்று பொதுவாகப் பதிவு செய்துகொண்டே இருக்கும், விளம்பரதாரரிடம் காசு வாங்க அந்தக் கணக்குதான் ஆதாரம். அந்தப் பதிவையும் விளம்பரக் கோப்பையும் அழிக்கக் கூடாது என்று கடைக்கும் ஸ்கிரீன் நடத்தும் நிறுவனத்துக்கும் உடனே ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்கு வந்ததும் அவற்றைத் தாக்கல் செய்யச் சொல்ல, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. வழக்குத் தொடர 2 வருடம் அவகாசம் உண்டு, ஆனால் இந்தப் பதிவுகள் 2 வருடம் காத்திருக்காது.

ஸ்கிரீன் நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாமா என்றால், நான் கேட்க மாட்டேன். விளம்பரத்தை எழுதியது கடை, லாபம் கடைக்கு. வழக்கமான தொழிலாக வெளியிடுபவர்களை மத்திய ஆணையத்தின் அபராதத்திலிருந்தே சட்டம் பொதுவாக விலக்கி வைத்திருக்கிறது. கடையை மட்டும் குறிவையுங்கள்.

எங்கே போவது? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதியுங்கள், செலவில்லை, சில கடைகள் அதிலேயே இறங்கிவரும். வரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கடை எங்கே இருந்தாலும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் நீதிமன்றக் கட்டணமும் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. தள்ளுபடி வித்தியாசம், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு மூன்றையும் கேளுங்கள். கூடவே, கடை தன் சொந்தச் செலவில் திருத்த விளம்பரம் வெளியிட வேண்டும் என்றும் கேளுங்கள், 39ஆவது பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது. பலரும் இதைக் கேட்பதே இல்லை. அதே ஸ்கிரீனில், அதே அளவு எழுத்தில், தமிழில் என்று எழுதிக் கேளுங்கள்.

உங்களைப் போல இன்னும் எத்தனையோ பேர் ஏமாந்திருப்பார்கள் என்பதால் மாவட்ட ஆட்சியரிடமும் ஒரு புகார் கொடுங்கள், 17ஆவது பிரிவு அதை அனுமதிக்கிறது. அங்கிருந்து விஷயம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போனால், அது விசாரித்து முதல் முறையிலேயே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும்.

ஒன்றே ஒன்று சரிபார்க்க வேண்டும். அட்வான்ஸ் கட்டியபோது எஸ்எம்எஸ்ஸிலோ ரசீதிலோ கார்டு நிபந்தனை தமிழில் தெளிவாக வந்திருந்ததா? பணம் கட்டுவதற்கு முன்பே அது உங்கள் கைக்கு வந்திருந்தால் வழக்கு கொஞ்சம் பலவீனமாகும். கட்டிய பிறகு வந்திருந்தால் கவலை வேண்டாம், தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம், நோட்டீஸ் போனதும் கடையிலிருந்து சமாதானம் பேசுவார்கள். பேசுங்கள், தவறில்லை, ஆனால் வித்தியாசத் தொகை வங்கிக் கணக்கில் ஏறும்வரை 'எனக்கு எந்தக் குறையும் இல்லை' என்ற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.