அந்தக் காலத்து நோக்கியா போனில் முழுத் தெலுங்குப் படம் எப்படி அடங்கியது?

படத்தைப் பிழிந்து சக்கையாக்கித்தான். 3ஜிபி (3GP) என்ற போன் வீடியோ வடிவத்தில் படச்சட்டம் வெறும் 176×144 புள்ளிகள். நொடிக்கு 100 கிலோபிட் என்று வைத்தால் இரண்டரை மணி நேரப் படம் சுமார் 110 எம்பிக்குள் முடிந்துவிடும். ஒலிக்குப் பெரும்பாலும் ஏஎம்ஆர் (AMR) என்ற ஒலி வடிவம். அது பேச்சுக்காக உருவானது. வசனம் தெளிவாகக் கேட்கும், பாட்டு வந்தால் தகர டப்பாவுக்குள் இருந்து பாடுவது போல இருக்கும்.

ஆனால் போனிலேயே நேரடியாக இறக்கியவர்கள் குறைவு. அப்போதைய மெதுவான மொபைல் இணையமான ஜிபிஆர்எஸ்ஸில் நொடிக்கு 4 கேபி வந்தாலே பெரிது. 5 எம்பி எம்பி3 பாட்டுக்கு இருபது நிமிடம் ஆகும். நடுவில் யாராவது அழைத்தால் தரவு அப்படியே நின்றுவிடும், சில சமயம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். படங்களைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடைமுறையில் வேலை நடந்தது கடைகளில்தான். ஹைதராபாத் அபிட்ஸ் பக்கம் ஜகதீஷ் மார்க்கெட் போன்ற இடங்களில் மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தால் கணினியில் செருகி நிரப்பித் தருவார்கள். போனில் தெலுங்கு எழுத்து வராததால் கோப்பின் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் இருக்கும். ஒருமுறை ஆசையாய் ஏற்றிவந்த படத்தில் இரண்டாம் பாகம் மட்டும் இரண்டு தடவை இருந்தது, கிளைமாக்ஸ் இல்லை. திருட்டுப் பிரதிதானே, யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அறையில் யாரிடமாவது மீதி இருந்தால் புளூடூத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.