சிரிக்க வைத்து உறைய வைத்த படம்

கேள்வி: சமீபத்தில் பார்த்த படங்களில் மனதை விட்டு அகலாதது எது?

பதில்: ‘தி டெத் ஆஃப் ஸ்டாலின்’. 2017-இல் வந்தது, இப்போதுதான் பார்த்தேன். 1953 மார்ச். பக்கவாதம் வந்து சோவியத் சர்வாதிகாரி ஸ்டாலின் தரையில் கிடக்கிறார். வெளியே காவலர்களுக்குக் கதவைத் திறக்கவே பயம். மருத்துவரைக் கூப்பிடலாமென்றால், பெயர்பெற்ற பலரை ஏற்கெனவே பிடித்து உள்ளே தள்ளியாகிவிட்டது! சிரிப்புக்காகச் சேர்த்ததல்ல, ஏறக்குறைய நடந்ததுதான். அதனால்தான் சிரித்த கையோடு வயிற்றைக் கலக்குகிறது. ஸ்டாலினுக்குப் பிறகு சோவியத் தலைவரான குருஷேவாக ஸ்டீவ் புஸ்செமி பிரமாதம்.

ஒரு குறை: ஸ்டாலினின் ரகசியப் போலீஸை நடத்திய பெரியா கொல்லப்பட்டது அந்த டிசம்பரில், படமோ அதைச் சில நாட்களுக்குள் நடந்ததாகச் சுருக்கிவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்புறம், பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம். கெட்ட வார்த்தைகள் ஏராளம்.