'சார்ஜ்'ங்கற வார்த்தைக்கு ஏன் இத்தனை அர்த்தம்?

போன் சார்ஜ், டெலிவரி சார்ஜ், சார்ஜ் ஷீட்னு எல்லாத்துலயும் ஒரே வார்த்தை எப்படி வருதுன்னு கேட்டிருக்கீங்க. லத்தீன்ல 'கார்ருஸ்'னா வண்டி, அதுல சுமை ஏத்துறதுதான் இதோட பழைய அர்த்தம், அத பிடிச்சுக்கிட்டா மத்ததும் புரிஞ்சிடும், பேட்டரில மின்சாரத்த ஏத்துறோம், பில்லுல கட்டணத்த ஏத்துறாங்க, ஒருத்தர் தலையில பொறுப்ப ஏத்துனா அவர் இன்சார்ஜ், குற்றச்சாட்ட ஏத்துனா சார்ஜ் ஷீட். மாடு முட்டப் பாஞ்சு வர்றதுக்கும் சார்ஜ்தான், ஆனா அதுல இந்த 'ஏத்துற' அர்த்தம் நேரா தெரியாது.

நிறைய பேர் தடுமாறுறது கூட வர்ற சின்ன வார்த்தைல. 'இன் சார்ஜ் ஆஃப் த பேஷன்ட்'னா அவர்தான் நோயாளிக்குப் பொறுப்பு, ஆனா 'இன் த சார்ஜ் ஆஃப் எ நர்ஸ்'னு ஒரு 'த' சேர்ந்தா அவர் நர்ஸோட பொறுப்புல இருக்கார், அப்படியே தலைகீழ். 'சார்ஜ்டு வித் தெஃப்ட்'னா திருட்டு வழக்கு, 'சார்ஜ்டு ஃபார் பார்க்கிங்'னா பார்க்கிங்குக்கு காசு வாங்கிட்டாங்க.