வலை நூலில் தோல் பை தைக்கலாமா?

கேள்வி: அக்கா, தோலில் ஒரு தோள்பை நானே தைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. வீட்டில் தையல் மிஷின் இருக்கிறது. அப்பாவுக்குக் கடல் தொழில் என்பதால் நைலான் நூலும் தங்கூசி என்கிற தூண்டில் நரம்பும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அதிலேயே தைத்துவிடலாமா? தோல் எவ்வளவு வாங்குவது?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: மிஷினை மூடி வைத்துவிடுங்கள், தங்கச்சி. ஜாக்கெட் தைக்கிற மிஷினில் பைக்கு வேண்டிய தோலை இரண்டு மடிப்பாகக் கொடுத்தால் ஊசி முறியும். முறியாவிட்டாலும் இந்த வேலைக்குக் கைத்தையல்தான் உறுதி. மிஷின் தையலில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கும். ஓரிடத்தில் அறுந்தால் அங்கிருந்து பிரிந்துகொண்டே போகும். கைத்தையலில் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இந்தப் பக்கமிருந்து ஒன்றும் அந்தப் பக்கமிருந்து ஒன்றுமாக விடுகிறோம். ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கம் பிடித்து நிற்கும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் மண்டபத்தில் பஸ் நிற்கிற இடத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர். “வலது கை ஊசி முதல்ல போகணும், கடைசி வரைக்கும் அதுதான் முதல்ல போகணும்” என்பார். நடுவில் கை மாறினால் அந்த ஒரு தையல் மட்டும் சாய்ந்து நிற்பது கண்ணில் உறுத்தும். ஊசி முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். துளை போடுவது குத்தூசியின் வேலை. ஊசி அதன் வழியாகப் போய் வந்தால் போதும். கூராக இருந்தால் ஏற்கெனவே போட்ட நூலைக் குத்திக் கிழித்துவிடும்.

இனி நூல். தங்கூசி வேண்டவே வேண்டாம். ஒற்றை இழை, வழவழப்பு. முடிச்சு நிற்காது, இழுத்து இறுக்கினால் தோலையே அறுக்கும். வலை கட்டும் முறுக்கு நைலான் நூலில் மெல்லியதாக, 0.8 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் எடுங்கள். தேன்மெழுகுக் கட்டியில் மூன்று நான்கு தடவை இழுத்து, விரலிடுக்கில் வைத்து உருவுங்கள். உருவும்போது சூடு ஏறி மெழுகு முறுக்குக்குள் இறங்கும். தையல் முடிந்ததும் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து, நூலை நறுக்கி, தீக்குச்சியால் முனையை உருக்கி அழுத்தினால் பிரியாது.

30 சென்டிமீட்டர் அகலம், 25 உயரம், 8 சென்டிமீட்டர் பக்கப் பட்டை, ஒரு தோள்வார் என்றால், சேதாரம் சேர்த்து 4 சதுர அடி தோல் போதும். கனம் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர். சென்னைப் பெரியமேட்டில் சில்லறையாகவும் கிடைக்கும். வாங்கும்போது வெட்டு விளிம்பைப் பாருங்கள். உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருந்தால் குரோம் போட்டுப் பதனிட்டது. பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. கையால் தைக்க எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான், விறைப்பாக நிற்கும். தோள்வாரை மாட்டின் முதுகுப் பக்கத்துத் தோலில் வெட்டுங்கள். வயிற்றுப் பக்கம் இழுபடும்.

முதலில் பழைய காலண்டர் அட்டையில் முழுப் பையையும் வெட்டிக் கோத்துப் பாருங்கள். துணி என்றால் தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாம்; தோலில் போட்ட துளை போட்டதுதான். அதனால் குண்டூசியும் குத்தாதீர்கள், துணிக் கிளிப் போடுங்கள். கீழ் மூலைகளை டம்ளர் வாயை வைத்து வளைவாக வெட்டினால் பக்கப் பட்டை சுலபமாகத் திரும்பும். விளிம்பிலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளிக் கோடு, அதன்மேல் 4 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. ஒரு பக்கத்தில் இரண்டு ஓரமும் அடியும் சேர்த்து 80 சென்டிமீட்டர், ஏறக்குறைய 200 துளை. இரண்டு பக்கமும் 400. நூல் தையல் நீளத்தைப் போல நான்கு மடங்கு வேண்டும், அதாவது பக்கத்துக்கு மூன்றேகால் மீட்டர். அத்தனை நீளத்தை ஒரேயடியாகக் கோத்தால் சிக்கல் விழும். பாதிப் பாதியாக எடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. வளையமும் பக்கிளும் பித்தளையில் வாங்குங்கள். என் முதல் பைக்கு இரும்புப் பக்கிள் வைத்தேன். ஐப்பசி மழை முடிவதற்குள் அதைச் சுற்றி உள்ளங்கை அளவு மை கொட்டினாற்போல் கறுத்துவிட்டது. பட்டைச் சாற்றின் துவர்ப்பும் இரும்புத் துருவும் ஈரத்தில் சேர்ந்தால் நிஜமாகவே மைதான் உண்டாகும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் கலந்து அந்தக் காலத்தில் எழுதும் மை செய்தது இப்படித்தான். எலுமிச்சை தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. நம் உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்காது. பித்தளையில் களிம்பு ஏறினால் துடைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மழைக்காலத்தில் தோல் பையில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
- வாசகர், பாம்பன்

பதில்: தடவாதீர்கள், தோல் கறுத்துத் தொளதொளத்துப் போகும். அது பூஞ்சை. வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். கடல் தண்ணீர் பட்டிருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்துவிடுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். பீரோவில் வைக்கும்போது உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, பிளாஸ்டிக் கவருக்குப் பதில் பழைய தலையணை உறையில் போட்டு வையுங்கள். அடைமழை நாட்களில் வாரம் ஒருமுறை அந்தத் தாளை மாற்றுங்கள்.