இழுவிசையும் தொங்கும் எடையும் ஒன்றல்ல

வழுவழுப்பான மேசையில் 2 கிலோ கட்டை, அதில் கட்டிய கயிற்றில் கப்பி வழியே தொங்கும் 3 கிலோ குண்டு; கட்டையை விட்டதும் இழுவிசையும் (கயிறு இழுக்கும் விசை) முடுக்கமும் எவ்வளவு, இதுதானே கணக்கு? இழுவிசை நீங்கள் போட்ட 29.4 நியூட்டன் இல்லை, 11.76 தான். முடுக்கமும் நீங்கள் போட்ட 14.7 அல்ல, 5.88 மீ/வி². குண்டின் எடையை (3 × 9.8 = 29.4) அப்படியே கட்டையின் மேல் ஏற்றிவிட்டீர்கள் போலிருக்கிறது. இந்தக் கணக்கில் பலரும் சறுக்கும் இடம் இது.

கட்டையைக் கையால் பிடித்திருக்கும்வரை கயிற்றில் 29.4 சரிதான். கையை எடுத்ததும் குண்டு கீழ்நோக்கி முடுக்கம் பெறுகிறது. இழுவிசை எடையைவிடக் குறைந்தால்தான் அது நடக்கும். அதனால் இரண்டுக்கும் தனித்தனியே எழுதுங்கள்:

1. கட்டை: இழுவிசை = 2 × முடுக்கம்
2. குண்டு: 29.4 − இழுவிசை = 3 × முடுக்கம்

கூட்டினால் இழுவிசை அடிபட்டுப்போகும், 29.4 = 5 × முடுக்கம்.

உங்கள் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஐத் தாண்டியபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். தடையின்றி விழும் குண்டுக்கே 9.8 தான், கட்டையையும் இழுத்துக்கொண்டு அதற்கு மேல் எப்படிப் போகும்? இன்னொரு சோதனை: கட்டையின் நிறையைச் சுழியமாக்கிப் பாருங்கள். சரியான சூத்திரம் 9.8 தரும், உங்களுடையது (29.4 ÷ கட்டையின் நிறை) முடிவிலிக்கு ஓடிவிடும்.

கயிறும் கப்பியும் நிறையற்றவை என்றால்தான் இதெல்லாம். கப்பிக்கு நிறை கொடுத்திருந்தால் இருபுறமும் இழுவிசை வேறுபடும். அது சீரான திண்ம வட்டத்தட்டு என்றால் அந்த 5-உடன் கப்பி நிறையில் பாதியையும் சேருங்கள். மேசையில் உராய்வு இருந்தால், கட்டை நகருமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.