சமயபுரத்தாளின் பச்சைப் பட்டினி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாசி பாதியைத் தாண்டினாலே சமயபுரம் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பலரும் கேட்டவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன்.

பச்சைப் பட்டினி விரதம் இருப்பது அம்மனா, பக்தர்களா? எங்கள் வீட்டிலேயே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

அம்மன்தான். மற்ற கோயில்களில் தெய்வத்துக்காக நாம் பட்டினி கிடப்போம். சமயபுரத்தில் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனே விரதம் இருக்கிறாள். மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டிப் பூச்சொரிதல் தொடங்கும். அன்றிலிருந்து 28 நாள், பங்குனிக் கடைசி ஞாயிறு வரை அவளுக்குத் தளிகை கிடையாது, அதாவது அடுப்பில் சமைத்த நைவேத்தியம் எதுவும் படைப்பதில்லை. துள்ளுமாவு (வெல்லம் கலந்த பச்சரிசி மாவு), நீர்மோர், பானகம், இளநீர் இவைதான். வெயில் ஏறி, அந்தக் காலத்தில் அம்மை பரவிய பருவம் இது. படைப்பவற்றில் பெரும்பாலானவை உடம்பைக் குளிர்விப்பவை என்பதைக் கவனியுங்கள். மகிஷாசுரனை வதைத்த உக்கிரம் தணிய அம்மன் இருந்த விரதம் என்று ஒரு தலக்கதையும் உண்டு.

நாம் இருப்பது அவளோடு சேர்ந்து இருக்கும் விரதம். அதனால் எப்படி இருப்பது என்பதில் நமக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே வந்துவிடும்.

நான் வேலைக்குப் போகிறவள். 28 நாளும் சமைத்த உணவே தொடக் கூடாதா? காபி?

அப்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அசைவத்தை விலக்கி, மஞ்சள் உடுத்தி, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இருப்பவர்கள் நிறையப் பேர். 28 நாளும் முடியாதவர்கள் ஞாயிறு மட்டும் இருக்கிறார்கள். காபியை விட முடிந்தால் விடுங்கள். தலைவலி வந்து அலுவலகத்தில் எல்லோர் மேலும் எரிந்து விழுவதாக இருந்தால், காலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போவதே மேல். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதற்காக நீங்களும் போட்டிக்கு இறங்க வேண்டாம்.

அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை இருக்கிறது, இன்சுலின் போடுகிறார். இளநீரும் பானகமும் மட்டும் குடித்து விரதம் இருப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார்.

வேண்டாம். பானகத்தில் இருப்பது வெல்லம். குடித்தவுடன் சர்க்கரை ஏறும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் தடாலென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தின் அளவை வீட்டிலேயே குறைப்பதும் தவறு, மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "உனக்காகத்தானே அவள் பட்டினி இருக்கிறாள், நீ வேளைக்குச் சாப்பிடு." அசைவத்தை விட்டு, மஞ்சள் சேலை கட்டி, மாலையில் விளக்கேற்றட்டும். அதுவும் விரதம்தான்.

துள்ளுமாவு எப்படிச் செய்வது? எனக்கு எப்போதும் கட்டி கட்டியாகிவிடுகிறது.

ஈரம் அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம். பச்சரிசியைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். நன்றாக வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். கையில் எடுத்தால் ஒட்டாமல், ஆனால் லேசாக ஈரம் தெரிய வேண்டும். அந்தப் பக்குவத்தில் இடித்துச் சலியுங்கள், மிக்ஸியும் போதும். பொடித்த வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசிறினால் முடிந்தது. மாவை வறுக்கக் கூடாது, வெல்லத்தைப் பாகு காய்ச்சவும் கூடாது. அடுப்பு பட்டால் அது பச்சைப் படையல் ஆகாது. பச்சை மாவு சீக்கிரம் புளித்துவிடும், அன்றே பிரசாதமாகக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.

இதே மாவில் வெல்லம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, நெய் விட்டு இறுக்கி உருட்டி, நடுவில் குழித்துத் திரி போட்டால் மாவிளக்கு.

மூலவருக்குப் பாலபிஷேகம் செய்ய நேர்ந்துகொண்டேன். அங்கே போனால் உற்சவருக்குத்தான் என்கிறார்கள்.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். சமயபுரத்து மூலவர் கல் சிலை அல்ல, மூலிகைகள் சேர்த்துச் செய்த சுதைத் திருமேனி. அதனால் அபிஷேகம் எல்லாம் உற்சவ அம்மனுக்கே. உங்கள் நேர்த்தி அங்கேயே நிறைவேறிவிடும், கவலைப்படாதீர்கள்.

விரதத்தின் நடுவில் மாதவிலக்கு வந்தால் முறிந்ததாகிவிடுமா?

ஆகாது. அந்த நாள்களில் கோயிலுக்கும் பூசை அறைக்கும் போகாமல், உணவு விரதத்தை மட்டும் தொடர்வது பல வீடுகளில் வழக்கம். தலைக்குக் குளித்த பிறகு பூசையையும் தொடரலாம். மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போடுவதைப் பற்றியும் இருவர் கேட்டிருந்தார்கள். விரதத்துக்காக உடம்பைக் குழப்பிக்கொள்ள அவசியமே இல்லை.

பூச்சொரிதலுக்கு என்ன பூ கொடுப்பது? குறைந்தது இத்தனை கூடை என்று கணக்கு உண்டா?

கணக்கு இல்லை. மல்லிகை, முல்லை, செவ்வந்தி, அரளி, ரோஜா என்று மணமுள்ள எதுவும் சரி. திருச்சியிலிருந்து அலங்கரித்த வண்டிகளில் தட்டுத் தட்டாகப் பூ வரும் கூட்டத்தில் உங்கள் ஒரு முழம் மல்லிகையும் சேர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பூ விலை ஏறும் என்பதால் உதிரியாக வாங்கி வீட்டிலேயே கட்டுங்கள். பிளாஸ்டிக் பை, ஜிகினாத் தாள் எதுவும் கூடையில் இருக்கக் கூடாது. கொட்டிய பூவோடு கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரிய வேலை.

சித்திரைத் தேருக்குப் பெரம்பலூர் பக்கத்திலிருந்து நடந்து வருகிறோம். குழந்தைகளும் உண்டு. ஏதாவது யோசனை?

பகல் பதினொன்றுக்கு மேல் நடக்காதீர்கள், வெறுங்காலில் தார்ச்சாலை கொப்பளம் போட்டுவிடும். விடியற்காலையும் இரவும்தான் நடக்க ஏற்ற நேரம். ஆனால் நீங்கள் வருவது திருச்சி–சென்னை நெடுஞ்சாலை. இரவில் எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலது ஓரமாக ஒற்றை வரிசையில் வாருங்கள். முன்னால் வருபவர் கையிலும் கடைசி ஆள் கையிலும் டார்ச் இருக்கட்டும், முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரோடு உப்புப் போட்ட நீர்மோரும் குடியுங்கள். குழந்தைகளைக் கடைசிச் சில கிலோமீட்டர் மட்டும் நடக்க விடுங்கள், மற்ற தூரத்துக்குப் பேருந்து இருக்கிறது.