உப்பு, தண்ணீர், சிறுநீரகம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

அம்மாவுக்கு 73 வயது. ரத்தத்தில் சோடியம் 126 என்று வந்திருக்கிறது. டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார். உப்பைக் கூட்டினால் சரியாகிவிடாதா? (ஈசூன் வாசகி)

ஆகாது. ரத்தப் பரிசோதனையில் வரும் சோடியம் எண், உடம்பில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதில்லை. தண்ணீரோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்றுதான் சொல்கிறது. சாம்பாரில் தண்ணீர் கூடிவிட்டால் சப்பென்று ஆகிவிடும், ஆனால் போட்ட உப்பு அப்படியேதான் இருக்கும். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது 126க்கு இறங்கினால், பெரும்பாலும் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பொருள்.

ரத்தம் கொஞ்சம் கெட்டியானாலே மூளை இரண்டு வேலை செய்யும்: தாகம் எடுக்கவைக்கும், வாசோபிரசின் என்ற ஹார்மோனை அனுப்பித் தண்ணீரைப் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும். ரத்தம் நீர்த்துப்போனால் அந்த ஹார்மோன் நின்று, மிச்சத் தண்ணீர் வெளியேற வேண்டும். வயதானவர்களுக்கு நிமோனியாவோ சில மனச்சோர்வு மாத்திரைகளோ அந்த ஹார்மோனை நிற்கவிடாமல் செய்யும். தயாசைடு வகை ரத்த அழுத்த மாத்திரை, சிறுநீரகம் தண்ணீரைத் தனியே பிரித்து வெளியேற்றுவதையே கெடுத்துவிடும்.

அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அளவு சொல்லியிருந்தால் ரசம், மோர், தேநீர் எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். குழப்பமாகப் பேசினாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடு. திங்கட்கிழமை மோதிரம் இறுகுகிறது, எடை அரைக் கிலோ கூடியிருக்கிறது. கொழுப்பா?

தண்ணீர். ஏறக்குறைய 9 கிராம் உப்பு, உடம்பில் ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அப்பளம், ஊறுகாய், மீன்குழம்பு என்று நாலைந்து கிராம் கூடுதலாக உள்ளே போனால் அரை லிட்டர் தங்கிவிடும். சிறுநீரகம் தினமும் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கடைசிச் சில சதவீத உப்பை விடுவதா வைப்பதா என்பதில் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. அது மாறிச் சமநிலைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். புதன், வியாழனுக்குள் மோதிரம் தளர்ந்துவிடும். காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அது தினமும் இருந்தால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பாலிகிளினிக்கில் பாருங்கள்.

2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, சிங்கப்பூரில் ஒருவர் சராசரியாக நாளுக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் எடுத்துக்கொள்கிறார். பரிந்துரைக்கப்படுவது 2,000தான். எனக்கு உண்மையிலேயே கவலை தரும் எண் இது.

துவாசில் கட்டுமான வேலை. சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறது. உப்பு மாத்திரை போடலாமா அண்ணே?

வேண்டாம் தம்பி. ரத்தத்தைவிட வியர்வையில் உப்பு குறைவு, அதனால் நீங்கள் அதிகம் இழப்பது தண்ணீரைத்தான். சிறுநீர் அடர்த்தியாவது, சிறுநீரகம் இருக்கும் தண்ணீரைக் காப்பாற்றப் பார்க்கிறது என்பதற்கு அடையாளம். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி குடியுங்கள். மதியச் சாப்பாட்டில் இருக்கும் உப்பே பெரும்பாலோருக்குப் போதும். மூன்று நான்கு லிட்டரை ஒரே மூச்சில் குடிப்பது ஆபத்து, சோடியம் சட்டென்று இறங்கிவிடும். தண்ணீர் குடித்த பிறகும் அந்த நிறம் மாறவில்லை, கூடவே தசை வலி என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். வெயிலில் தசை சிதைந்தாலும் இப்படிப் போகும்.

சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமா?

சிறுநீரகம் நன்றாக இருந்தால் தாராளமாக. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களும், லோசார்ட்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய ரத்த அழுத்த, இதய மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.